பழனிக்குக் கொடுத்த முடி

1

முருகன் துணை.

நம் ஊர்க் கோயில் குடமுழுக்கு மலருக்கு, வெளியூரில் பிழைக்கிறவர்களும் தங்கள் இடத்து வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கொச்சியில், மட்டாஞ்சேரியில், முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டேன். எதை எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கப்பல், காயல், மிளகு வாசனை என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இன்று முடிவெட்டுகிற கடையில் கேட்ட ஒரு கேள்வி மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதைத்தான் எழுத வருகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ளட்டும்.

கடைக்காரர் பெயர் குஞ்ஞுமோன். பஜார் ரோட்டிலிருந்து படகுத்துறைக்குத் திரும்புகிற முக்கில் கடை. ரொம்ப வருஷமாக என் தலை அவர் கையில்தான். தாடையில் சோப்பு போட்டுக்கொண்டே கேட்டார்.

"அண்ணாச்சி நாளைக்கு இடக்கொச்சிக்குப் போகுந்நுண்டல்லே?"

"போகணும். அங்கே ஒரு ஐஸ் கம்பெனியிலே ஸ்டோர் பார்க்க ஆள் வேணுமாம்."

"அப்போ தலை ஒண்ணு கறுப்பிக்கட்டே? அரை மணிக்கூர் மதி. பத்து வயசு குறையும்." நரைக்குக் கறுப்புச் சாயம் போடட்டுமா, அரை மணி நேரம் போதும் என்று அர்த்தம்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முகத்தில் துண்டோடு பேசினார். "பத்து குறைஞ்சா அண்ணாச்சி இன்னொரு கல்யாணம் கழிக்கும். அதினு செலவு ஆரு, குஞ்ஞுமோனோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'நாளைக்குக் காலையிலே சொல்லுதேன்' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. எனக்கு இருந்த வேலை நிலைத்ததும் இந்தத் தலைமுடியால்தான், போனதும் இந்தத் தலைமுடியால்தான். மூன்று வருஷமாக வேலை இல்லாமல் இருக்கிறேன். நாளைக்கு இடக்கொச்சியில் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் இந்த வயதில் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

2

நான் இங்கே வந்தது செங்கோட்டை ரயிலில். மாமா ஒருவர் மட்டாஞ்சேரியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர்தான் ஒரு குஜராத்தி சேட்டின் மிளகு கிட்டங்கியில் என்னைச் சேர்த்துவிட்டார். மலையிலிருந்து வரும் மிளகைக் காயப்போட்டு, புடைத்து, சலித்து, தரம் பிரித்து, சாக்கில் கட்டிக் கப்பலுக்கு அனுப்புகிற இடம். முதலில் சாக்கு தைத்தேன். அப்புறம் சலிக்கிற பெண்களுக்கு மேஸ்திரி ஆனேன். காலையில் குளித்து, திருநீறு பூசி, காலண்டர் முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் சாயங்காலம்வரை நின்றபடி வேலை. மிளகுத்தூசியில் தும்மித் தும்மியே வயசு போயிற்று.

பெரிய சேட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயசாகிவிட்டது என்று அவர் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். கிட்டங்கி வாசலில் தராசுக்குப் பக்கத்தில் பலா மரத்தில் செய்த ஸ்டூல் ஒன்று கிடக்கும். மூட்டை புரட்டவோ நின்று வேலை பார்க்கவோ முடியாமல் ஆன ஆள் ஒரு நாள் காலையில் வரும்போது, சேட்டு தன் தோள் துண்டால் அந்த ஸ்டூலைத் துடைத்து, "இரிக்கு", அதாவது உட்கார், என்பார். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அந்த ஆள் வாசலில் உட்கார்ந்து, உள்ளே வருகிற மூட்டையையும் வெளியே போகிற மூட்டையையும் பார்த்துக்கொண்டிருப்பார். கூலி பாதி. கண் மூடுகிற வரைக்கும் ஸ்டூல் அவருக்கு. ஒரு சமயம் இரண்டு பேர் ஒரே மழைக்காலத்தில் தளர்ந்து போனார்கள். சேட்டு ஸ்டூலை எடுத்துவிட்டு பெஞ்சு போட்டார். ஒருவர் போன பிறகு மறுபடியும் ஸ்டூல் வந்தது.

அதை மரியாதை என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. பயந்தோம். எங்கள் தராசுக்காரர் பரீது இக்கா ஒரு கேலி வைத்திருந்தார். எவனாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் போதும், உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"சேட்டே, துணி எடுத்தோளூ!"

சேட்டு துண்டை எடுத்துக்கொள்ளட்டும், ஸ்டூலைத் துடைக்கிற நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இடுப்பைப் பிடித்தவன் உடனே கையை எடுத்துவிட்டு விறைப்பாக நடப்பான். சலிக்கிற பெண்கள் முறத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்த ஸ்டூலில் உட்கார வேண்டிய நாள் வரக் கூடாது என்று நான் முருகனிடம் கேட்டதுண்டு. அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. கேட்டது அப்படியே நடந்துவிட்டது.

3

எழுபதுகள் முடிகிற சமயத்தில் பெரிய சேட்டுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. மாடியில் ஊஞ்சல் போட்டு உட்கார வைத்தார்கள். பம்பாயில் படித்துவிட்டு மகன் வந்தார். நாங்கள் சின்ன சேட்டு என்போம். அரை டவுசர் போட்டுக்கொண்டு மிளகுக் குவியலில் சறுக்கி விளையாடிய பிள்ளை. கெட்டவர் இல்லை. எல்லாரையும் பெயர் சொல்லாமல் அண்ணாச்சி, இக்கா, சேச்சி என்றுதான் கூப்பிடுவார். கோபப்பட்டு ஒரு சொல் சொன்னதில்லை.

அவர் முதலில் செய்தது, கல் தராசை எடுத்துவிட்டு இரும்புத் தராசு வாங்கிப் போட்டது. அதற்கு இடம் வேண்டும் என்று ஸ்டூலை எடுத்தார்கள். அப்போது அதில் உட்கார்ந்திருந்தவர் போன மாசம்தான் தவறியிருந்தார். அதனால் ஸ்டூல் போனது யாருக்கும் உறைக்கவில்லை.

பிறகுதான் பேச்சு வந்தது. சர்க்கார் ஆபீசிலேயே வயசு வைத்து ஆளை அனுப்புகிறார்கள், கிட்டங்கியில் மட்டும் ஏன் சாகும்வரை என்று சின்ன சேட்டு கணக்குப்பிள்ளையிடம் கேட்டாராம். சேட்டுமாருக்குத் தீபாவளிக்குத்தான் புதுக்கணக்கு. அந்தத் தீபாவளியோடு வயசானவர்களை நிறுத்தப் போகிறார்கள் என்று ஆனது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு யூனியன் உண்டு. சலிப்புப் பக்கத்து ஆட்களான எங்களுக்கு ஒன்றும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அப்போதுதான் மட்டாஞ்சேரியில் இளைஞர்களே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவன் வளைகுடாவுக்குப் போனான். சாயாக் கடை, பள்ளிவாசல் திண்டு, படகுத்துறை எங்கே பார்த்தாலும் நரைத்த தலைகள். ஆனால் கடை வாசலில் 'ஆள் வேண்டும்' என்று பலகை வைத்தால் அடியில் முப்பத்தைந்துக்குள் என்று எழுதியிருக்கும். இருக்கிறவர்கள் வேண்டாம், இல்லாதவர்கள் வேண்டும்.

எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் தலை கறுப்பு. சின்ன சேட்டு வந்த புதிதிலேயே என் வீட்டுக்காரி பிச்சம்மாள் ஒரு சாயப்பொடி வாங்கி வந்திருந்தாள். மாசத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரட்டையில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் என் தலையில் தேய்ப்பாள். காதோரம் கறை பட்டால் எலுமிச்சம் தோலால் துடைப்பாள்.

பரீது இக்காவுக்கு அது ஆகாது. தாடிக்கு மருதாணி போடுவார். செம்பட்டையாகத் தீ மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தாலே வயசு தெரியும். நான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"இக்கா, தீபாவளி கழியிற வரைக்குமாவது கறுப்பு போடுங்களேன்."

"எங்கள்க்கு கறுப்பு பாடில்ல அண்ணாச்சி. மைலாஞ்சி மதி." அவர்களுக்குக் கறுப்புச் சாயம் கூடாது, மருதாணி போதும் என்று தாடியைத் தடவிக்கொண்டார். "சேட்டுக்கு வேண்டி படைச்சவனைப் பற்றிக்கான் பற்றுமோ?"

சேட்டுக்காகப் படைத்தவனை ஏமாற்ற முடியுமா என்று கேட்டார். அன்று ராத்திரி காலண்டர் முருகன் முன்னால் நின்றபோது அந்தக் கேள்வி நெஞ்சில் இருந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டேன். 'அப்பா, இந்தத் தீபாவளி தாண்டியும் என்னை வேலையில் இருக்க வை. மகளுக்குக் கல்யாணம் முடியவில்லை. பழனிக்கு வந்து முடி தருகிறேன்.'

தீபாவளி வந்தது. எட்டுப் பேரை நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு வேட்டி, ஒரு இனிப்புப் பெட்டி, கையில் ஒரு தொகை. பரீது இக்கா முதல் ஆள். நான் இல்லை.

இக்கா தராசுத் தட்டை ஒரு தடவை துடைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். நான் கூடவே போனேன். உள்ளே வெள்ளை மிளகு காயப்போட்டிருந்தது. தோல் நீக்கிய வெள்ளை மிளகுக்குச் சந்தையில் விலை கூடுதல். அதைக் காட்டிச் சொன்னார்.

"மிளகிலே வெள்ளைக்கு விலை. மனுஷனிலே கறுப்பினே மார்க்கெட்டுள்ளூ. நீ பாக்கியவான், அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

4

அடுத்த தையில் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குத் தேவராவில் வேலை. முருகன் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டான். நான்தான் பாக்கி வைத்திருந்தேன்.

பழனிக்குப் போக வேண்டும் என்று சொன்னபோது பிச்சம்மாள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஊருல எல்லாரும் காவடி எடுக்கேன், பால்குடம் எடுக்கேன்னு நேருவாக. நீங்க எந்த முடியாலே வேலை நிலைச்சிருக்கோ, அந்த முடியையா நேர்ந்திய?"

"அந்நேரம் வாயிலே அதுதான் வந்துது."

"ஒரு வருசம் தவணை கேளுங்க."

"தவணை கேட்க அவரு என்ன சீட்டுக்காரரா?"

"அதுக்கில்ல. மொட்டை போட்டா முளைக்கயில வெள்ளையாத்தான முளைக்கும். சின்ன சேட்டு பார்ப்பாருல்லா?"

அரிவாள்மணையை மறுபடி இழுத்துக்கொண்டு அவளே சொன்னாள். "சரி, போய்ட்டு வாருவோம். கொடுத்தவரு பார்த்துக்கிடுவாரு." ஆனால் அன்று குழம்பில் உப்பு அதிகமாக விழுந்திருந்தது.

எறணாகுளத்தில் ஏறி, பாலக்காட்டில் மாறி, பொள்ளாச்சி வழியாகப் பழனி போய்ச் சேர்ந்தோம். மொட்டை போடுகிற கொட்டகையில் எனக்கு வாய்த்தவர் நடுவயசுக்காரர். தலையில் தண்ணீர் தெளித்து, முடியைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஏனுங்க, அடியிலே வெள்ளை, நுனியிலே கறுப்பு, ரெண்டு நெறமா இருக்குதுங்களே. இதுலே எது சாமிக்கு?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். பிச்சம்மாளும் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டும்தான்" என்றேன். மடியில் விழுந்த முடியைப் பார்த்தேன். ஒவ்வொரு கொத்திலும் அடியில் ஒரு நெல் நீளம் வெள்ளை. எனக்கே நான் காட்டாமல் வைத்திருந்த வெள்ளை.

மலை ஏறி, சந்தனம் பூசிய தலையோடு அவன் முன்னால் நின்றபோது, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அத்தனை வருஷ மிளகுத்தூசி உடம்பை விட்டு இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் இந்தத் தலையில் சாயம் இல்லை என்று அங்கேயே மனசில் விழுந்துவிட்டது. நேர்ந்துகொண்டது இல்லை, தானாக விழுந்தது. கொடுத்தது கொடுத்ததுதான், அவன் திருப்பி முளைக்க வைக்கிறது எந்த நிறமோ அந்த நிறம் என்று தோன்றியது. மலையிலிருந்து இறங்கும்போது அப்படி நினைப்பது எளிது.

5

கிட்டங்கிக்குள் மொட்டைத் தலையோடு நுழைந்ததும் சின்ன சேட்டு ஒரு நொடி திடுக்கிட்டுப் போனார். அவர்கள் வழக்கத்தில் தகப்பன் இறந்தால்தான் பிள்ளைகள் தலை மழிப்பார்கள். பிறகு சிரித்து, "பழனி, அல்லே?" என்று கை நீட்டினார். பஞ்சாமிர்தம் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்பாவுக்குக் கொடுக்க மாடிக்கு எடுத்துப் போனார்.

பத்து நாளில் முளைக்கத் தொடங்கியது. வெள்ளைதான். உப்புத் தூவின மாதிரி. குஞ்ஞுமோன், "இப்போ சாயம் வெச்சா தோலும் கறுக்கும், கொஞ்சம் நீளட்டே" என்றார். நீண்ட பிறகும் நான் போகவில்லை. துண்டால் தலைக்கட்டு கட்டிக்கொண்டேன். தூசி பறக்கிற இடம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் சாயங்காலம் மிளகை லட்சுமி என்று கும்பிட்டு விளக்கு ஏற்றும்போது தலைக்கட்டை அவிழ்க்காமல் இருக்க முடியுமா? அவிழ்ப்பேன். சின்ன சேட்டு பக்கத்தில் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி கிடந்தது. அதைக் காட்டி, "இரிக்கு அண்ணாச்சி" என்றார்.

அந்த அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. நின்றுதான் பேசுவோம். அன்று உட்கார்ந்தேன். சாயா வந்தது.

"அண்ணாச்சி தலை கறுப்பிக்குந்நது எனக்கு ஆதியமே அறியாம்," என்றார்.

நான் சாயம் பூசுவது முதலிலிருந்தே அவருக்குத் தெரியுமாம்.

"வயசும் அறியாம். போன தீபாவளிக்கு எல்லாரும் அண்ணாச்சி பேரும் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னது. தலை கறுப்பிக்குந்ந ஆளுக்கு ஜோலி செய்யணும்னு ஆசை உண்டு, அது இருக்கிற வரைக்கும் இருக்கட்டே, அங்ஙனே நினைச்சு." சாயா டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தார். "இப்போ பழனிக்குப் போய் எல்லாம் எடுத்துட்டு வந்நு. பின்னே கறுப்பிச்சதே இல்ல. அண்ணாச்சிக்கே ஜோலி மதியாயி, இனி பகவான் காரியம் போதும்னு முடிவாக்கின மாதிரி எனக்குத் தோணி. அது நல்ல காரியம். எங்கள் கூட்டத்திலும் பெரியவங்க அப்படித்தான் ஒதுங்குவாங்க. நான் தடுக்கான் பாடில்லல்லோ."

நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். 'இல்லை சேட்டு, இந்த வேலை நிலைக்க வேண்டும் என்றுதான் அந்த முடியைக் கொடுத்தேன், எனக்கு இன்னும் வேலை செய்யணும்.' அவ்வளவுதான். அவர் கேட்டிருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன். கேட்கிற குணம் உள்ளவர்.

ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் சாயா இருந்தது. எதிரே இருக்கிறவர் நான் தூக்கி விளையாட்டுக் காட்டிய பிள்ளை, என்னைப் பெரிய பக்திமான் என்று எண்ணி மரியாதையாகப் பேசுகிறார். நான் சாமியிடம் கேட்டது வேலைதான் என்று அந்த மரியாதைக்கு நடுவில் சொல்ல வெட்கமாகப் போயிற்று. "ஆமா சேட்டு" என்று சொல்லிவிட்டேன். சாயாவைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பிச்சம்மாள் திட்டவில்லை. "அவரு நெனச்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா" என்று மட்டும் கேட்டாள். இன்றைக்கும் எப்போதாவது, முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்பாள்.

6

கடைசி நாள் பெரிய சேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள மாடிக்குப் போனேன். ஊஞ்சலில் தலையணைகளுக்கு நடுவில் இருந்தார். பேச்சு குழறும். என் தலையைப் பார்த்தார். சைகையால் குனியச் சொன்னார். நல்ல பக்கத்துக் கையால் வெள்ளை முடியைத் தடவினார்.

"ஆயோ?" என்றார். ஆகிவிட்டதா என்று.

"ஆயி, சேட்டு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஊஞ்சல் பலகையின் ஓரத்தைத் துடைத்துக் காட்டினார். அந்தப் பழைய சைகை. பிறகு கேட்டார்.

"ஸ்டூலில் ஆரா இப்போ?"

ஸ்டூலை எடுத்தது அவருக்குத் தெரியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. கீழே கடை நடக்கிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கும்.

"நான்தான் சேட்டு," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நன்னாயி" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். மாடியில் இருந்தவரும் படிக்கட்டில் நின்ற நானும் ஒரே கடையிலிருந்து ஒதுக்கப்பட்டவர்கள்தான். அவரை ஊஞ்சலில் உட்கார வைத்தார்கள், என்னை நாற்காலியில். அடுத்த மழைக்காலத்தில் பெரிய சேட்டு தவறிப்போனார். நான் சின்ன சேட்டு பக்கத்தில் நின்றேன். அவர் தலை மழித்திருந்தார். முளைத்தது கறுப்பாக முளைத்தது.

7

இந்த மூன்று வருஷத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். காலையில் கோயில், அப்புறம் ரேஷன் கடை வரிசை, அப்புறம் படகுத்துறை. மகன் ஷார்ஜாவில் ஒரு கடையில் இருக்கிறான். பணம் அனுப்புகிறான். கடிதம் மலையாளத்தில்தான் எழுதுவான், இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தது அதைத்தான். எனக்கு அந்த எழுத்து ஓடாது. மகள் தேவராவிலிருந்து வரும்போது படித்துச் சொல்வாள். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான், அச்சன் இனி வேலைக்கொன்றும் போகண்டா, வீட்டில் இரிக்கணும். அப்பா என்று எழுதுவதற்குக்கூட அவனுக்குக் கை வருவதில்லை. அன்பாகத்தான் எழுதுகிறான். ஆனால் 'இரிக்கு' என்கிற அந்தச் சொல்லை எல்லாரும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மகள் வயிற்றுப் பேத்தி என்னைத் தாத்தா என்று கூப்பிடாமல் மலையாளத்தில் அப்பூப்பா என்பாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. முருகன் பாட்டு ஒன்று சொல்லிக் கொடுத்தேன். மலையாள ராகத்தில் பாடுகிறாள். முருகன் கேட்டுக்கொள்வான்.

முதியோர் பென்ஷன் என்று ஒன்று சர்க்கார் கொடுக்கிறது என்றார்கள். போய்க் கேட்டேன். ரேஷன் கார்டைக் கொண்டா என்றார்கள். புதுக் கார்டு போட்ட வருஷம் வீட்டுக்கு வந்த உத்தியோகஸ்தர், பிறந்த தேதி கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கறுத்த தலையைப் பார்த்து, குத்துமதிப்பாக ஒரு வயதைப் போட்டுக்கொண்டு போனார். பத்துக்கு மேல் குறைத்துப் போட்டிருந்தார். அன்றைக்கு பிச்சம்மாளுக்குப் பெருமை. இப்போது பென்ஷன் ஆபீஸில் இருந்த பெண் கார்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"சேட்டனு பிராயம் ஆயிட்டில்லல்லோ." அண்ணனுக்கு இன்னும் அந்த வயசு ஆகவில்லையே என்றாள்.

"தலையைப் பாருங்க மோளே."

"தலை நோக்கான் சர்க்கார் பறஞ்ஞிட்டில்ல. கார்டு நோக்கானே பறஞ்ஞிட்டுள்ளூ."

தலையைப் பார்க்கச் சொல்லி சர்க்கார் சொல்லவில்லையாம், கார்டைப் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறதாம். முதலாளிக்கு நான் கிழவன், சர்க்காருக்கு நான் இளைஞன். பரீது இக்காவிடம் போய்ச் சொன்னேன். கொச்சங்ஙாடிப் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் தாடி இப்போதும் தீ மாதிரிதான் இருக்கிறது.

"பள்ளியிலே இந்தத் தாடிக்கு முன்வரிசை, அண்ணாச்சி. பஜாரிலே பின்வாசல்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஜோலி கிட்டினா எனக்கும் பறயணே" என்றார். வேலை கிடைத்தால் தனக்கும் சொல்லும்படி. எழுபது வயதுக்காரர்.

8

மேலே எழுதியதை நேற்று ராத்திரி நிறுத்திவிட்டு, இன்று இடக்கொச்சிக்குப் போய் வந்தேன். மிச்சத்தை எழுதி முடிக்கிறேன்.

காலையில் குஞ்ஞுமோன் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அவர் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் சாயப் பாக்கெட். "வாரேன், போய்ட்டு வந்து பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன். திருநீறு பூசியிருந்தேன். பிச்சம்மாள் வெளுத்து மடித்து வைத்திருந்த சட்டை. தலைக்கட்டு கட்டவில்லை.

ஐஸ் கம்பெனி காயல் ஓரத்தில் இருக்கிறது. முற்றமெல்லாம் இறால் வாடை. பெண்கள் குந்தியிருந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்கு நாற்பது வயசு இருக்கும். அவருக்குப் பின்னால் கண்ணாடி அறைக்குள் முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இரிக்கு சேட்டா. வெயிலத்து வந்நதல்லே."

நான் உட்காரவில்லை.

"எனக்கு அறுபத்திரண்டு வயசு," என்றேன். "கார்டிலே குறைச்சுப் போட்டிருக்கும், அது தப்பு. மிளகு கிட்டங்கியிலே மேஸ்திரியா இருந்தேன். நாள் முழுக்க நின்னு வேலை பார்ப்பேன், இப்பவும் பார்ப்பேன். எனக்கு வேலை செய்யணும்."

சின்ன சேட்டு முன்னால் சொல்லாமல் விட்டதைத்தான் சொன்னேன். இடம் வேறு, ஆள் வேறு. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் கண்ணாடி அறைக்குள் போனார். முதலாளி போனைக் காதிலிருந்து எடுக்காமலே இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தது என் முகத்தை அல்ல, அதற்கு ஒரு சாண் மேலே. தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று சொல்லத் தேவையில்லை.

மேனேஜர் கேட் வரைக்கும் கூட வந்தார். காவல்காரன் காதில் விழாத தூரம் வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு கறுப்பிச்சிட்டு வந்நூடாயிருந்நோ, சேட்டா? வயசும் பறயேண்டியிருந்நில்ல. அகத்திருந்நு நோக்குந்நவன் தலை மாத்ரமே காணூ."

கொஞ்சம் கறுப்பாக்கிக்கொண்டு வந்திருக்கலாமே, வயசைச் சொல்லியிருக்கவும் வேண்டாம், உள்ளே இருந்து பார்க்கிறவருக்குத் தலை மட்டும்தான் தெரியும் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அவர் காதோரத்திலும் லேசாகக் கறை இருந்தது. எலுமிச்சம் தோலால் துடைத்தால் போய்விடும் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் வந்தேன்.

திரும்பி வரும்போது குஞ்ஞுமோன் கடையில் கூட்டம் இல்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"இல்லை குஞ்ஞுமோன்," என்றேன். "இது பழனிக்குக் கொடுத்த முடி. திருப்பித் தந்தது வெள்ளை. அதுமேலே பூச மனசு வரல்லே."

அவர் பாக்கெட்டை எடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய சாமி படத்துக்குக் கீழே இருக்கிற பலகையில் வைத்தார்.

"எந்நால் இது அண்ணாச்சிக்கு மாற்றி வெச்சேக்காம்," என்றார். "எடுக்குந்ந நாள் எடுத்தா மதி."

மகனுடைய பணம் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் சாயம் பூச மனசு வரவில்லை என்று என்னால் சொல்ல முடிகிறது. முருகன் அந்த நிலையை மாற்றாமல் வைக்கட்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். ஆனாலும் அந்தப் பாக்கெட்டை எனக்காக எடுத்து வைக்க வேண்டாம் என்று குஞ்ஞுமோனிடம் நான் சொல்லவில்லை.